தனபால் வீட்டுக் கோழி நாற்றம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்களே, பயிற்சியில் உங்களுக்குக் கொசுவைப் பற்றி மூச்சு முட்டச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் வேலை பார்க்கப் போகிற உங்களுக்கு முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் கோழி நாற்றம் என்று புகார் கொடுக்கத்தான் போகிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் மூக்குக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. அதனால் நிம்மதியாக உட்கார்ந்து சொல்கிறேன், கேளுங்கள்.

நம் பக்கத்தில் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்க்க யாரும் மரத்தைப் பார்ப்பதில்லை. விடிகாலையில் மேற்கிலிருந்து வந்தால் மணலி ரசாயனக் கம்பெனிகளின் வாசம், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வந்தால் மீன்வாடை. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. உங்கள் வீட்டில் எது நாறினாலும் 'கம்பெனி நாத்தம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். குப்பைத் தொட்டி வழிந்தால் கம்பெனி, கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் கம்பெனி. ஒரு வீட்டில் பழுதான ஃப்ரிட்ஜுக்குள் இறாலை மறந்துவிட்டு, அதற்கும் கம்பெனியைத்தான் கைகாட்டினார்கள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டியபோது அந்த வீட்டுக்காரர் சற்றும் அசராமல், "கம்பெனி நாத்தம் உள்ள பூந்துகிச்சி மேடம்" என்றார்.

விம்கோ நகர்ப் பக்கம் ஒரு சந்தில் தனபால் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகள் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தாள், இவர் இங்கே தனியாக. வீட்டை ஒட்டி, இரண்டு ஆட்டோ நிறுத்துகிற அளவுக்கு ஓர் இடம். அதில் பலகையும் கம்பிவலையும் வைத்து அவரே கட்டிய கூண்டு, கோழிகள் மேய ஒரு சின்ன அடைப்பு. பதினைந்துக்குக் குறையாத நாட்டுக்கோழிகளும், தன்னை அந்தச் சந்துக்கே ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு சேவலும் அதில் வசித்தன.

மதிலுக்கு அந்தப் பக்கம் சொர்ணத்தம்மாள் வீடு. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடியிருப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இங்கேயே தலை நரைத்தவர். ஆனாலும் பேச்சில் ஊர் மாறவே இல்லை. மருமகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் படுக்கிற அறையின் ஜன்னல் நேராகத் தனபாலின் கூண்டைப் பார்த்துத் திறக்கும். புகார் எங்கிருந்து வந்திருக்கும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

"மேடம், நான் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் சோறு திங்கேன். பச்சப் பிள்ள கெடக்கு வீட்ல. ஜன்னலத் தொறந்தா நாத்தம், சாத்துனா புழுக்கம். இந்த மனுசன்ட்ட சொன்னா, அது கம்பெனி நாத்தம்ங்காரு. திமிரு மேடம், சுத்தத் திமிரு!" என்றார் சொர்ணத்தம்மாள்.

நான் தனபால் வீட்டுக்குள் போனேன். வாசலிலேயே கண்ணில் நீர் கட்டியது. கூண்டுத் தரை கறுப்பாக, சொதசொதவென்று கிடந்தது. காசிமேட்டிலிருந்து மீன்குடலை வாளியில் வாங்கிவந்து கோழிகளுக்குப் போட்டிருக்கிறார், அவை தின்றது போக மீதி அங்கேயே ஊறிக்கிடந்தது. தண்ணீர்ச் சட்டியைக் கோழிகள் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடியிருந்தன. இத்தனைக்கும் நடுவில் தனபால் ஒரு நாற்காலி போட்டு, காலை ஆட்டிக்கொண்டு, ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், குந்துங்க. இன்னா, அந்தக் கடைக்காரம்மா சொல்லி வுட்டுச்சா? அது கம்பெனி நாத்தம் மேடம். எங்க கோயி மேல பழி போட்டுகினு கீது."

"ஐயா, இப்ப கடல் காத்து அடிக்குது. கம்பெனி அந்தப் பக்கம் இருக்கு. கம்பெனி நாத்தம் காத்தை எதிர்த்து நடந்தா வரும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது கப்பல் நாத்தம்" என்றார்.

இப்படிப்பட்டவர்களை உங்களுக்கு உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடித்துப்போனது. மீன்குடலை நிறுத்தச் சொன்னேன், தரையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். ஒரு வாரத்தில் திரும்ப வருவேன் என்று குரலைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து ஏற்றிவிட்டு, 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று தட்டுவீர்கள். படத்தில் நாற்றம் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போனபோது அவர் சுத்தம் செய்திருந்தார். எப்படி? ஈரத் தரையின் மேலேயே ஒரு பாட்டில் ஃபினாயிலைக் கவிழ்த்திருந்தார். முன்பு கோழி மட்டும் நாறியது, இப்போது ஆஸ்பத்திரிக்குள் கோழி வளர்ப்பதுபோல் நாறியது. சேவல் தும்மியது. நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றத்தை ஊற்றினால் இரண்டும் சேர்ந்துதான் மூக்குக்கு வரும் என்று அவரிடம் சொன்னேன். ஈரத்தை எடுக்காமல் எதை ஊற்றினாலும் வீண் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தலையை இவ்வளவு பணிவாக ஆட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போய் ஆலோசனை கேட்டிருக்கிறார். ஈரம் இழுக்கச் சாம்பல் போடு, கிருமி சாகச் சுண்ணாம்பு போடு என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். வேறு ஊராக இருந்தால் அடுப்புச் சாம்பலைத் தேடிப் போயிருப்பார்கள். நம் ஊரில் அடுப்புச் சாம்பல் ஏது? அத்திப்பட்டில் தனபாலுக்கு ஒரு பழைய சிநேகிதர், மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் லாரியில் போய்வருகிறவர். "சாம்பல்தானே, நமக்கு இன்னா கொறச்சல்" என்று மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டார். தனபால் அதில் சுண்ணாம்பைக் கலந்து, கூண்டிலும் அடைப்பிலும் மெத்தையாகப் பரப்பி, தூசி பறக்கிறதே என்று மேலே தண்ணீரும் தெளித்து, துடைப்பத்தால் தட்டிச் சமன் செய்திருக்கிறார்.

அந்தச் சாம்பலில்தான் செங்கல் செய்கிறார்கள் என்பது சந்திலுள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கோழிக்கூண்டுக்குள் அது ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் முறை நான் போனபோது தரை கல்லாக இறுகியிருந்தது. எச்சமும் கவிழ்ந்த தண்ணீரும் இறங்க வழியில்லாமல் மேலேயே குளமாக நின்றன. ஈரத்தில் சுண்ணாம்பு விழுந்தால் எச்சத்தின் நெடி இன்னும் வேகமாகக் கிளம்பும். அது கிளம்பிக் கண்ணைக் குத்தியது. ஒரு கோழி கிளறிப் பார்த்துவிட்டு, நகம் வலித்ததோ என்னவோ, என்னை முறைத்தது.

"சூப்பரா கீதுல்ல மேடம்? சிமெண்டு ரோடு மாரி" என்றார் தனபால். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று புரியவில்லை.

இதற்குள் சொர்ணத்தம்மாள் மண்டல அலுவலகம் வரை போய்விட்டார். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, அதற்கும் கோழிதான் காரணம் என்று முடிவு செய்திருந்தார். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மூணு தடவ போய் என்னம்மா பண்ணினே? கோழிக்கு ஜோசியம் பாத்தியா? அடுத்த வாரத்துக்குள்ள கூண்டு அங்க இருக்கக் கூடாது. நோட்டீசக் குடு, இல்லேன்னா வண்டியக் கொண்டு போய்த் தூக்கு" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. சட்டம் அவர் பக்கம், நாற்றமும் அவர் பக்கம். நோட்டீசைப் பைக்குள் வைத்துக்கொண்டு தனபால் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. கோழிகளின் பக்கம் திரும்பினார்.

"எடுத்துகினு போய்ட்டா, காத்தால நான் இன்னாத்துக்கு மேடம் எய்ந்துக்கணும்?" என்றார். பிறகு, நோட்டீஸ் கொடுக்க வந்தவளாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், "இருங்க, டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

டீ வந்தது. வாய்க்கு அருகே கொண்டு போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பால் கெட்டுப்போயிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே கெட்டு, புளித்த வாடை டம்ளரிலிருந்து எழுந்து வந்தது. தனபால் தன் டம்ளரை எடுத்து ஊதி ஊதி, ஒரு வாய் உறிஞ்சி, "ஏலக்கா போட்டுகிறேன், வாசன எப்டி கீது?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கேலி இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஃபினாயில் பாட்டில், சிமெண்டு ரோடு, கப்பல் நாற்றம், எல்லாம். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்ற மனிதர் திமிர் பிடித்தவர் இல்லை.

"ஐயா, உங்களுக்கு வாசனையே தெரியாதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மாம் வருசம் தூசில நின்னதுல போச்சா, கொரோனால போச்சா, மெய்யாலுமே தெர்ல மேடம். ஒண்ணுமே தெர்ல. மீன் கொயம்பும் ஒண்ணுதான், சுடுதண்ணியும் ஒண்ணுதான்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா என் பொண்ணு அடுத்த பஸ்ல வந்து என்ன இஸ்துகினு போய்டும். ஒண்டியா இருக்காத, கேஸ் அடுப்ப தொடாதன்னு ஆரமிச்சிடும். பெங்களூர்ல பத்தாவது மாடி மேடம். நான் அங்க போயி இன்னா பண்றது? கிரேன்லயே அம்மாம் ஒசரத்துல குந்திகினு காலத்த ஓட்டிட்டேன். இனிமேலாவது தரைல இருக்கலாம்னு பாத்தா..." என்று நிறுத்தினார். "நீங்களும் சொல்லிடாதீங்க. கோயி போனா கூட போகட்டும்."

பிள்ளைகளே, நம் வேலையில் இந்த இடம்தான் கஷ்டமானது. நோட்டீசை நீட்டிவிட்டு வந்திருந்தால் புகார் தீர்ந்திருக்கும். சந்து மணத்திருக்கும். மூக்கு இல்லாத மனிதர் கேஸ் அடுப்போடு தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பார். கோழி நாற்றத்துக்கு விதி இருக்கிறது, இதற்கு ஒரு விதியும் இல்லை. இருந்தாலும் தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவள் மாதிரி எழுந்து வர என்னால் முடியவில்லை.

நான் சொன்னேன்: "உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லலை. அது உங்க வீட்டு விஷயம். ஆனா பக்கத்துல இருக்கற ஒருத்தருக்காவது தெரியணும். கோழிக்காக இல்ல, உங்களுக்காக."

"பக்கத்துலன்னா?"

நான் மதிலைக் காட்டினேன்.

அவர் துள்ளி எழுந்துவிட்டார். "அந்தம்மாவா? ஐயோ, பேஜாரு மேடம்! தெருவுக்கே மைக் போட்டுடும்!"

"அவங்களுக்குத்தான் உங்க வீட்டு வாசன முதல்ல போகுது. உங்களுக்கு இல்லாத மூக்கு அங்கதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். சொன்னா, கோழிக்கு அவகாசம் வாங்க நான் பாடுபடறேன்."

இது மிரட்டல் மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் மிரட்டல்தான். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் போக எதற்குப் புதுச் சட்டை என்று நான் கேட்கவில்லை.

சொர்ணத்தம்மாள் கடையில் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "நோட்டீசு குடுத்தாச்சா?" என்றார். தனபால் என்னைப் பார்த்தார், நான் வேண்டுமென்றே கடையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்தேன்.

"எனுக்கு மூக்கு வேல செய்லமா" என்றார் தனபால். "நாத்தம் அடிக்குதுன்னு நீங்க சொன்னப்பல்லாம், நீங்க வேணும்னே சண்ட வலிக்கிறீங்கோன்னு நெனச்சிகினு இருந்தேன். எனுக்கு மெய்யாலுமே ஒண்ணும் தெரியாது."

சொர்ணத்தம்மாளின் கை தராசிலேயே நின்றுவிட்டது. நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் பருப்பைப் பொட்டலம் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பம் அன்னிக்குப் பொங்கலுக்கு நான் குடுத்து விட்ட நெய்ச்சோறு?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன். நல்லா இருந்துச்சின்னு சொன்னேன்ல. சூடா இருந்துச்சி."

"போச்சு போங்க! அத்தன நெய்யும் வீணாப் போச்சே!" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். "இத முன்னாலேயே சொன்னா என்ன? மனுசனத் திமிரு பிடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

மேலதிகாரியிடம் அவகாசம் வாங்கியது தனிக்கூத்து. தனபாலின் மூக்கைப் பற்றி அங்கே வாயைத் திறக்கவில்லை. கூண்டைச் சரிசெய்துவிடுவார், நான் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். "கோழிக்கு ஜாமீன் குடுக்கற மொத ஆள் நீதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அவகாசம் முடிந்தும் நாறினால் கூண்டோடு என்னையும் வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

இனி மூக்கில்லாத ஒருவரைக் கொண்டு நாற்றத்தை எப்படி ஒழிப்பது? யோசித்துப் பார்த்தால், நாற்றம் என்பது பாதிக்கு மேல் ஈரம்தான். ஈரத்தைப் பார்க்க மூக்கு வேண்டாம், கை போதும். கல்லாய்ப் போன சாம்பல் தரையைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். பெயர்த்தோம் என்றால், அத்திப்பட்டுச் சிநேகிதரை வரவழைத்து, கொண்டுவந்தவரையே பெயர்க்க வைத்தோம். வெயிலில் காய்ந்த மண், அதன் மேல் மரம் இழைக்கும் கடையிலிருந்து வாங்கிய இழைப்புச் சீவல், நல்ல கனமாக. தண்ணீரைக் கவிழ்க்க முடியாதபடி தொங்கவிட்டோம். கூரைத் தகரத்தை வெளியே நீட்டி, சாரல் உள்ளே வராமல் செய்தோம். கோழிகள் இரவில் உட்காரும் கழிக்குக் கீழே சாக்கு விரித்து, எச்சத்தைத் தினம் அள்ளிவிட வேண்டும். மீன்குடல் அடியோடு கிடையாது. கோழிகளிலும் சிலவற்றைச் சிநேகிதருக்கு அனுப்பிவிட்டோம், இடத்துக்குத் தகுந்த கூட்டம்தான் இருக்க வேண்டும்.

தனபாலுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் சீவலைக் கிளறிவிட்டு, கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம், உடனே அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதுச் சீவல் போட வேண்டும். அவர் அதை லட்டு பிடிப்பது என்று பெயர் வைத்தார். "இன்னிக்கு லட்டு வர்ல மேடம்!" என்று சந்தோஷமாக எனக்கு ஃபோன் செய்வார். நான் சாப்பிடும் நேரமாகப் பார்த்துத்தான் செய்வார்.

சில வாரங்களில் அந்தச் சந்தில் நின்று மூச்சை இழுத்தால் சீவல் வாசம்தான் வந்தது. மருமகள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். குழந்தை சேவலைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டது. மேலதிகாரி நேரில் வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

அப்போதுதான் அந்தக் காலை வந்தது. நான் அங்கே இல்லை, சொர்ணத்தம்மாள் சொல்லக் கேட்டதுதான். அவர் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது மதிலைத் தாண்டி ஒரு நாற்றம் வந்தது.

"பழைய காலமா இருந்தா, கோழிதான்னு ஒரு வசவு வஞ்சிட்டு ஜன்னலச் சாத்தியிருப்பேன் மேடம்" என்றார். "இப்பத்தான் அங்க நாத்தமே கெடையாதே. அப்பம் இது என்ன நாத்தம்னு நின்னு மோந்து பாத்தேன். கேசு! வெளக்கமாத்தோட ஓடுனேன்."

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தனபால் முன்னறைக்குப் போயிருக்கிறார். பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. சொர்ணத்தம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது, தனபால் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்கேற்ற, கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்துவிட்டிருந்தார்.

"என்ன செய்யன்னு தெரியல மேடம். கையிலயே ஒரு போடு போட்டேன் வெளக்கமாத்தால. தீப்பெட்டி அந்தாக்குல போய் விழுந்துச்சு. பாவம், அவரு பயந்துட்டாரு. எதுக்கு அடிக்கேன்னு அவருக்குத் தெரியாதுல்லா."

கூண்டு பழையபடி நாறிக்கொண்டிருந்தால், அந்த நாற்றத்துக்குள் கேஸ் ஒளிந்துகொண்டிருக்கும். கூண்டை எடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் மூக்கை நீட்டி வைத்திருக்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பது உலர்ந்த இழைப்புச் சீவலில் வந்து நின்றது. அதன் பிறகு தனபால் தானாகவே மகளுக்குச் சொல்லிவிட்டார். அவள் ஓடி வந்தாள், அழுதாள், திட்டினாள். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வாங்கி வைத்தாள். அப்பாவை அழைத்துப் போகத்தான் வந்தாள். சொர்ணத்தம்மாள் அவளைக் கடைக்குள் உட்காரவைத்து என்ன பேசினாரோ, வீட்டின் மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் அறிக்கை அனுப்பினேன். புகாரை மூடும் முன் புகார் கொடுத்தவருக்கு அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து கேட்பார்கள் அல்லவா? கேட்டிருக்கிறார்கள். 'நாற்றம் இன்னும் வருகிறதா?' என்று. சொர்ணத்தம்மாள், "வருது" என்று சொல்லிவிட்டார்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். எனக்கும் வந்தது பாருங்கள் கோபம், நேராகக் கடைக்குப் போனேன். சந்தில் ஒரு நாற்றமும் இல்லை.

"என்னம்மா இது? எங்க வருது நாத்தம்? நீங்களே சொல்லுங்க!"

சொர்ணத்தம்மாள் பேரக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "இப்பம் வராது மேடம். காலைல அவரு கெளறுவாருல்லா, அப்பம் லேசா ஒரு வாட வரும். வந்தா, மனுசன் எந்திச்சுட்டாருன்னு நான் கடையத் தொறப்பேன். வரலேன்னா சாவிய எடுத்துட்டு ஓடணும். நாத்தம் வரலேன்னு நான் எப்படி மேடம் சொல்லுவேன்? சொன்னா நீங்க கணக்க முடிச்சுட்டுப் போயிருவீங்க. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க ஆளு வேணாமா?"

அந்தப் புகாரை நான் மூடவில்லை. 'மீண்டும் ஆய்வு செய்யப்படும்' என்று போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறும் நாள்வரை அது என் பெயரில் நிலுவையாகவே இருந்தது. இப்போது உங்களில் யாருடைய பெயருக்கு மாறியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. உங்கள் கைபேசியில் தேடிப் பாருங்கள், விம்கோ நகர், கோழி நாற்றம் என்று இருக்கும். நிலுவை நாளாகிவிட்டது, கணக்கைக் காட்ட வேண்டும் என்று யாராவது உங்களை அவசரப்படுத்துவார்கள். தயவுசெய்து அதை மட்டும் மூடிவிடாதீர்கள்.